கொழுந்துத் தொட்டியில் ஏழு ஆல்பங்கள்

நூலகத்தில் வேலை செய்கிறவர்கள் புத்தகத்தைத் தொலைத்திருக்கலாம், அட்டையைக் கிழித்திருக்கலாம், அகராதிமேல் காப்பியைக் கொட்டியிருக்கலாம். ஆனால் ஊரின் பழைய படங்களையெல்லாம் தேயிலைத் தொழிற்சாலைக்குத் தூக்கிக்கொண்டுபோய்க் கொழுந்து மாதிரி வாட்டியெடுத்தவர் யாராவது உண்டா? எனக்குத் தெரிந்து ஒரே ஒருத்திதான். அவளுக்கு அப்போது வயது இருபத்தாறு. கையில் லேமினேட் செய்த ஒரு சான்றிதழ் இருந்தது. தன்னை விட்டால் கேமரன் மலையில் ஆளே இல்லை என்ற நினைப்பும் இருந்தது. பத்துப் பன்னிரண்டு வருடமாக நானும் அவளை மன்னிக்கப் பார்க்கிறேன், முழுதாக முடியவில்லை.

அந்தச் சான்றிதழைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பழைய ஆவணங்களைப் பாதுகாப்பது எப்படி என்று மாநிலத் தலைநகர் குவாந்தானில் ஓர் அரை நாள் வகுப்பு நடந்தது. எங்கள் ஊர் நூலகத்திலிருந்து என்னை அனுப்பினார்கள் (அனுப்புவதற்கு வேறு ஆள் கிடையாது. நூலகத்தில் மொத்தம் மூன்று பேர்: தலைவர் ரோகானி அம்மா, அதாவது மலாயில் புவான் ரோகானி; நான்; காவலாளி). ஈரம் ஏறிய படங்களைக் காயவைப்பது எப்படி என்கிற பகுதி சாப்பாட்டுக்குப் பிறகு வந்தது. வயிறு நிறையத் தேங்காய்ப்பாலில் வெந்த நாசி லெமாக் சாப்பிட்டால் எனக்குத் தூக்கம் வரும். வந்தது. விழித்தபோது சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வருடமே ஆல்பங்கள் வந்து சேர்ந்தன. கம்போங் ராஜாவில், எஸ்டேட் ஆபீஸில் கணக்கு எழுதிய ஒரு பழைய கிராணியாரின் மகள் இருந்தார். வீட்டைக் காலி செய்துவிட்டு ஈப்போவில் மகனோடு இருக்கப் போகிறவர், ஒரு பழைய தகரப் பெட்டியைக் கொண்டுவந்து எங்கள் மேசைமேல் வைத்தார். உள்ளே ஏழு ஆல்பங்கள். எங்கள் எஸ்டேட்டில் ஒரு காலத்தில் இருந்த வெள்ளைக்காரத் துரை எடுத்த படங்கள். ஊருக்குப் போகும்போது கப்பலில் சுமக்க மனமில்லாமல் கிராணியாரிடம் விட்டுப் போயிருக்கிறார். கனமான கறுப்புத் தாள்களில், நாலு மூலைகளையும் காகித முக்கோணத்துக்குள் செருகிய படங்கள். ஒவ்வொன்றின் கீழும் வெள்ளை மையில் ஆங்கிலத்தில் ஒரு வரி.

முதல் ஆல்பத்தைத் திறந்தேன். அப்பா வேலை பார்க்கும் அதே தொழிற்சாலை, கூரை போடாமல் எலும்புக்கூடாக நின்றது. எங்கள் வீடுகள் வரிசையாக இருக்கிற லயம், எங்கள் மாதா கோவில் இருக்கிற மேடு, கொழுந்துக் கூடையோடு வரிசையாகப் பெண்கள். சரித்திரப் புத்தகங்களில் நான் பார்த்த படமெல்லாம் வேறு யாருடையதோ. இது எங்களுடையது. அன்று எனக்கு வந்த கர்வம் இன்னும் இறங்கவில்லை.

ஆனால் கேமரன் மலையில் கர்வத்துக்கு முன்னாலேயே பூசணம் வந்துவிடும். செருப்பில் வரும், பைபிளில் வரும், கல்யாணப் பட்டுப்புடவையில் வரும். ஆல்பத்தில் ஏற்கனவே வந்திருந்தது. அந்த நேரத்தில்தான் மாநில நூலகத் தலைமையிலிருந்து கடிதம் வந்தது: ஆவணப் பிரிவு அதிகாரி என்சிக் ஹாஷிம் (பெண்ணுக்குப் புவான் என்றால் ஆணுக்கு என்சிக்) ஒரு செவ்வாய்க்கிழமை வந்து பார்ப்பார், ஆல்பங்களை இங்கே பாதுகாக்க வசதியில்லை என்று அவருக்குத் தோன்றினால் ஏழையும் நிரந்தரமாகக் குவாந்தானுக்குக் கொண்டுபோய்விடுவார்.

புவான் ரோகானி நிதானமான மனுஷி. பக்கத்துக்குப் பக்கம் உறிஞ்சுதாள் வை, தினமும் மாற்று, நிழலிலேயே ஆறட்டும், அவசரப்படாதே என்று மூன்று வாரம் முன்பே சொல்லியிருந்தார். நான்கு நாள் அப்படியே செய்தேன். பிறகு மழை பிடித்துக்கொண்டது. உறிஞ்சுதாளே ஈரத்தில் நமுத்துப்போய், அதைக் காயவைக்க இன்னோர் உறிஞ்சுதாள் தேவைப்பட்டது. வெள்ளிக்கிழமை திறந்து பார்த்தால், பந்து விளையாடுகிற அணியின் படத்தில் பாதிப் பேருக்கு வெள்ளைத் தாடி முளைத்திருந்தது.

“வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன் புவான். ஒரு காய்ஞ்ச இடம் இருக்கு,” என்றேன். அது பொய்யில்லை. கேமரன் மலையிலேயே காய்ந்த இடம் அதுதான். புவானும் நம்பிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

என் அப்பா அந்தோணிசாமி, தொழிற்சாலையில் வாட்டுப் பகுதி ஆட்களை மேற்பார்க்கிற மண்டோர். பறித்து வந்த கொழுந்தை முதலில் நீளமான தொட்டிகளில் பரப்புவார்கள். தொட்டியின் அடியில் கம்பி வலை. ஒரு முனையில் ஆள் உயரக் காற்றாடி. அது கீழிருந்து காற்றை ஊத, கொழுந்து ஈரம் போய்த் துவளும். இலையைக் கையில் பிடித்து அமுக்கியே ஈரம் எவ்வளவு பாக்கி என்று அப்பா சொல்லிவிடுவார். தினமும் டன் கணக்கில் கொழுந்தைக் காயவைக்கிற மனிதர் வீட்டிலேயே இருக்கும்போது, நான் எதற்கு உறிஞ்சுதாளோடு மல்லுக்கட்ட வேண்டும்? (இப்படி யோசித்த மூளைக்குத்தான் சான்றிதழ் கொடுத்திருந்தார்கள்.)

ஞாயிற்றுக்கிழமை பறிப்பு இல்லை, தொட்டி காலி. பூசை முடிந்ததும் அப்பாவின் பழைய லேண்ட்ரோவரில் ஏழு ஆல்பங்களையும் ஏற்றிக்கொண்டு போனோம். ஆல்பத்தைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து, கறுப்புத் தாள்களைத் தனித்தனியாக வலைமேல் பரப்பினேன். அப்பா இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்தார்.

“இது கொழுந்து இல்லம்மா. கொழுந்துக்கு எடை இருக்கு.”

“ஈரம் போகணும்னா காத்து வேணும்பா. நான் இதுக்குக் கோர்ஸ் படிச்சவ.”

“எத்தன நாளு கோர்ஸு?”

“அது முக்கியமில்லப்பா.”

அவர் காற்றாடியை இருக்கிறதிலேயே மெதுவான வேகத்தில் ஓடவிட்டார். அரை மணி நேரத்தில் பூசண வாடை குறைந்தது. தாள்கள் மெல்ல முதுகு நிமிர்ந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை. தொட்டி தெரியாமல் தாள்களை மட்டும் படம் பிடித்து, ‘எல்லாம் நல்லபடி நடக்கிறது’ என்று புவானுக்கு அனுப்பினேன். அப்பாவுக்குப் பசி வந்துவிட்டது. போகும்போது சுவரில் இருந்த வேகக் குமிழைக் காட்டி, “இதத் தொடாத. சாப்ட்டு வந்துடுறேன்,” என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

எனக்கு மூன்று மணிக்குக் கோவில் பாடகர் குழுவில் ஒத்திகை இருந்தது. இந்த வேகத்தில் காய்ந்தால் சாயங்காலம் ஆகிவிடும். ஒரு பிடி கூட்டினால் என்ன ஆகிவிடப்போகிறது? சூடான காற்றுக்கான விசையையும் தட்டிவிட்டு, குமிழைத் திருகினேன். ஒரு பிடி என்றுதான் நினைத்தேன். பழைய குமிழ், மூன்று பிடி ஓடிவிட்டது.

அந்தச் சூட்டில், அறுபது வருடமாகப் படங்களைப் பிடித்துக்கொண்டிருந்த காகித முக்கோணங்களின் பசை ஒரே நேரத்தில் விட்டுக்கொடுத்தது. முதலில் ஒரே ஒரு படம் எழும்பியது. அதைப் பிடிக்க நான் கையை நீட்டுவதற்குள் எல்லாம் எழும்பிவிட்டன. நானூற்றுச் சொச்சம் படங்கள். துரையின் மனைவி நேராக இலை உருட்டும் எந்திரத்தின் வாய்க்குள் போனார். துரை காற்றாடிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். கொழுந்துக்காரப் பெண்கள் வரிசை கலையாமல் சலிக்கிற இடத்துக்குப் பறந்தார்கள். துரையின் நாய் கூரை உத்தரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. நான் நடுவில் நின்று, கோழி பிடிக்கிறவள் மாதிரி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடினேன். குமிழைக் குறைக்கலாம் என்ற யோசனை எனக்கு வரவேயில்லை. அப்பா ஓடிவந்து அணைக்கிறவரை காற்றாடி முழு வேகத்தில் ஓடியது.

அதன் சத்தம் லயம் வரைக்கும் கேட்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையில் காற்றாடி கத்தினால் எங்கள் ஆட்கள் சும்மா இருப்பார்களா? பத்து நிமிடத்தில் வாசலில் கூட்டம். முன்னால் லெட்சுமி அத்தை, பக்கத்து வீடு, நாற்பது வருடம் கொழுந்து எடுத்தவர்.

“என்ன மண்டோரே, ஞாயித்துக்கெழம வேல போட்டிருக்கீங்க? எங்களுக்குச் சொல்லவே இல்லையே லா.”

 நான் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். வெள்ளை மையில் எழுதிய வரிகள் கறுப்புத் தாளில் இருந்தன. படங்கள் தரையெல்லாம் கிடந்தன. எந்த வரி எந்தப் படத்துக்கு என்று தெரியாது. நாளை மறுநாள் அதிகாரி வருகிறார். எங்கள் ஊர் தன் முகத்தைப் பார்க்கிற ஒரே கண்ணாடியை நானே உடைத்துவிட்டேன் என்று தோன்றியது.

“அழுதா படம் தானா ஏறி ஒட்டிக்குமா? எந்திரி,” என்றார் லெட்சுமி அத்தை. எல்லாரும் கொழுந்துக் கூடையை எடுத்துக்கொண்டு பொறுக்க ஆரம்பித்தார்கள். இப்போது எங்கள் மலையில் கொழுந்து எடுப்பது பெரும்பாலும் வங்காளதேசத்துப் பையன்கள். அவர்கள் ஏணி பிடிக்க, அப்பா உத்தரத்தில் ஏறி நாயை இறக்கினார். இறங்கியவர் காற்றாடிப் பக்கத்தில் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் பொறுப்பில் இருக்கிற தொட்டியில் இப்படி ஒன்று நடந்தது அவருக்குத் தாங்கவில்லை. அதற்குப் பிறகு அவர் ஒரு படத்தையும் பார்க்கவில்லை.

நான் தாள்களை எடுத்து வரிகளையாவது படிக்கலாம் என்று பார்த்தேன். ‘என் நாய் புரூனோ, மூன்று வயது.’ ‘மனைவியின் ரோஜாத் தோட்டம்.’ ‘கூலிகள்.’ ‘கூலிகள், ஒன்பதாம் நம்பர் மலை.’ ‘மேலும் சில கூலிகள்.’ நாய்க்குப் பெயரும் வயதும் இருந்தன. எங்கள் ஆட்கள் ஒருவருக்கும் பெயர் இல்லை. அழுகை நின்று எனக்குக் கோபம் வந்தது.

அதே நேரம் சலிக்கிற எந்திரத்துப் பக்கம் லெட்சுமி அத்தை ஒரு படத்தைக் கண்ணுக்கு மிக அருகில் வைத்துக்கொண்டு நின்றார்.

“இது எங்கம்மா,” என்றார். “இந்த மூக்குத்தி எங்கிட்டதான் இருக்கு. எங்கம்மாவ யாரு படம் புடிச்சா?”

இந்தப் படங்களை இங்கே யாரும் பார்த்ததே இல்லை. துரை எடுத்தார், துரையின் பெட்டியில் வைத்தார், பிறகு கிராணியார் பரணில் கிடந்தன. அத்தை சொன்னதும் ஒருவர்பின் ஒருவராக எல்லாரும் கூடையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். எனக்குச் சீட்டு எழுதிக் கை வலித்தது. ‘முனியம்மா, லெட்சுமியின் தாய்.’ ‘சவரிமுத்து, டிரைவர்.’ ‘காத்தாயி, இடுப்பில் இருப்பது அவர் மகன் சுப்பையா’ (அந்தச் சுப்பையா எனக்கு எதிரில் பல் இல்லாமல் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்). மோட்டார் சைக்கிளில் சாய்ந்து மீசையை முறுக்கிக்கொண்டு நின்ற ஓர் அழகனுக்கு மட்டும் மூன்று குடும்பங்கள் சொந்தம் கொண்டாடின. சண்டை முற்றி, கடைசியில் லெட்சுமி அத்தை, “அவரு ஈப்போலேருந்து மெசின் ரிப்பேருக்கு வந்தவரு, உங்க யாருக்கும் அவரு அப்பன் இல்ல,” என்று தீர்ப்புச் சொன்னார். மூன்று குடும்பங்களும் அவரோடு ஒரு மாதம் பேசவில்லை.

ஒத்திகைக்கு நான் போகவில்லை. இரண்டாம் குரலில் பாட ஆளில்லாமல் அடுத்த வாரப் பாட்டு சொதப்பியதாகக் கேள்வி.

திங்கட்கிழமை காலை எல்லாவற்றையும் கூடையோடு நூலகத்துக்குக் கொண்டுபோய் புவான் ரோகானி முன்னால் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். குடித்தார்.

“காய்ந்த இடம் என்றுதானே சொன்னாய்,” என்றார்.  பிறகு தூரிகையை எடுத்து, படத்தில் ஒட்டியிருந்த தேயிலைத் தூளை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டார். ஒவ்வொரு படத்தையும் அதன் சீட்டோடு உறையில் போட்டோம். சாயங்காலம் சரிபார்த்தபோது ஏறக்குறைய எல்லாப் படத்திலும் எல்லாருக்கும் பெயர் இருந்தது. தொழிற்சாலை முன் எடுத்த ஒரு பெரிய படத்தில் மட்டும் ஒரு ஆள் பாக்கி. எல்லாரும் விறைப்பாக நிற்க, இரண்டாவது வரிசையில் அவர் ஒருவர் மட்டும் கண்ணை இறுக்கி மூடி, வாயைக் கோணிக்கொண்டு, தொப்பி நழுவ நின்றார். துரை விசையை அழுத்திய நொடியில் தும்மியிருக்கிறார். முந்தின நாள் மீசைக்காரருக்குச் சண்டை போட்டவர்கள் எல்லாரும் இவரைப் பார்த்ததும், “நம்ம ஆளு இல்ல, பக்கத்து டிவிஷனா இருக்கும்,” என்று கைகழுவிவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை என்சிக் ஹாஷிம் வந்தார். ஒல்லியான மனிதர், பையிலேயே வெள்ளைக் கையுறை வைத்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் கதவு திறந்தது. பூசைக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையோடு அப்பா நின்றார். வேலை நாளில் அவர் விடுப்பு எடுத்து நான் பார்த்ததில்லை. நேராக அதிகாரி முன்னால் போய், உடைந்த மலாயில் சொன்னார்: “என் தப்பு. காத்தாடியக் கூட்டுனது நான்தான். இந்தப் புள்ள சின்னப் புள்ள, இதுக்குத் தெரியாது.”

 இருபத்தாறு வயதுச் சின்னப் பிள்ளை. அவர் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

“இல்லை என்சிக். அப்பா தொடாதே என்று சொல்லிவிட்டுப் போனார். நான்தான் திருகினேன்,” என்றேன்.

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நாற்பது நிமிடம் உறைகளைப் பிரித்துப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். கடைசியில் என்னிடம், “அறிக்கையில் நான் என்ன எழுத வேண்டும்? அலட்சியம் என்றா, முட்டாள்தனம் என்றா?” என்று கேட்டார்.

“முட்டாள்தனம் என்று எழுதுங்கள் என்சிக். அலட்சியம் இல்லை.”

எழுதிக்கொண்டார். (இன்றைக்கும் கோப்பில் இருக்கிறது.) படங்கள் பெரும்பாலும் பிழைத்துவிட்டன, ஆனால் இனி இவற்றை இங்கே விட்டுவைக்க மனமில்லை, குவாந்தானில் குளிரூட்டிய அறை இருக்கிறது என்றார். புவான் ரோகானி தலையைக் குனிந்துகொண்டார்.  எடுத்துவைக்கப் போனவர் அந்தப் பெரிய படத்தின் சீட்டைப் படித்துவிட்டு நின்றார்.

“இத்தனை பேருக்கும் பெயர் இருக்கிறது. இந்த ஒருவர் மட்டும் யார் என்று யாருக்கும் தெரியவில்லையா?”

அப்பா அப்போதுதான் முதன்முறையாக ஒரு படத்தை உற்றுப் பார்த்தார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். முகத்தைப் பார்க்கவில்லை. பக்கத்து ஆள் தோளில் கிடந்த கையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“எங்கப்பா,” என்றார்.

என் தாத்தா, அப்பாவுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போதே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தவர். எங்கள் வீட்டில் அவர் படம் ஒன்றுகூடக் கிடையாது. மாதா படத்துக்குப் பக்கத்தில் வெறும் ஆணிதான் இருக்கும்.

“சுண்டுவெரலு இல்ல பாரு,” அப்பா என்னிடம் தமிழில் சொன்னார். “உருட்டுற மெசின்ல போச்சு. இந்தக் கையப் புடிச்சிட்டுத்தான் பூசைக்குப் போவேன். எனக்கு மொகம் மறந்துபோச்சும்மா. இந்த நாலு வெரலு மறக்கல.”

நான் அதை மலாயில் சொன்னேன். என்சிக் ஹாஷிம் கையுறையைக் கழற்றினார்.

“குவாந்தானில் இந்தப் படத்துக்குப் பூசணமே வராது,” என்றார். “ஆனால் இந்த விரலைப் பற்றி அங்கே நான் யாரைக் கேட்பேன்?”

ஆல்பங்கள் எங்களிடமே தங்கிவிட்டன. தலைமையிலிருந்து ஈரம் உறிஞ்சும் எந்திரம் ஒன்று வந்தது. நான் குவாந்தானில் இரண்டு வாரம் முழுப் பயிற்சி முடிக்கிறவரை ஆல்பங்களைக் கையால் தொடக்கூடாது என்று உத்தரவும் கூடவே வந்தது. பயிற்சிக்குப் போனேன், சாப்பாட்டுக்குப் பிறகும் விழித்திருந்தேன். கறுப்புத் தாளில் படம் இருந்த இடம் மட்டும் வெளுக்காமல் இருக்கும் என்பதை அங்கேதான் கற்றேன். அந்தத் தடத்தின் அளவையும் கீழே இருந்த வரியையும் வைத்து, எந்தப் படம் எந்த இடத்தில் இருந்தது என்று ஏழு மாதம் உட்கார்ந்து நானும் புவானும் கண்டுபிடித்தோம். இப்போது எங்கள் ஆல்பத்தில் ஒவ்வொரு படத்துக்குக் கீழும் இரண்டு வரி உண்டு. மேலே துரை எழுதியது, கீழே நாங்கள் எழுதியது. பக்கத்து ஊர்களான கியா பார்மிலிருந்தும் லெம்பா பெர்த்தாமிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து பார்க்கிறார்கள். புவான் ஓய்வு பெற்றபின் நான்தான் தலைவர். அந்த அலமாரியின் சாவி என்னிடம் இருக்கிறது என்று சொல்வதில் எனக்கு வெட்கமே இல்லாத பெருமை.

எங்கள் வீட்டில் அந்த ஆணியில் தாத்தா படத்தின் நகல் தொங்குகிறது, அவர் தும்மியபடி. அவரால் ஒரு வழக்கமும் வந்துவிட்டது. என் தம்பி கல்யாணத்தில் குடும்பப் படம் எடுக்க நின்றோம். மாப்பிள்ளையே கண்ணை இறுக்கி மூடி வாயைக் கோணிக்கொண்டான். படம் பிடிக்கிறவர் நாலு தடவை மறுபடி எடுத்தார். நாலு தடவையும் வேறு வேறு ஆள். அதிலிருந்து எங்கள் வீட்டுப் படம் எதிலும் ஒருவராவது தும்ம வேண்டும். இல்லாவிட்டால் பிற்காலத்தில் நம் ஆளை நூலகத்தில் யாரும் கண்டுபிடிக்க முடியாது என்பான் தம்பி.

போன மாதம் என் மகளின் வகுப்புப் படம் வந்தது. முப்பத்திரண்டு பிள்ளைகள், விறைப்பாக. மூன்றாவது வரிசையில் ஒருத்தி மட்டும் கண்ணை மூடி, மூக்கைச் சுருக்கி. ஆசிரியை வருத்தம் தெரிவித்து ஒரு குறிப்பும் வைத்திருந்தார். வேண்டுமானால் மறுபடி எடுக்கலாமாம். அப்பாவுக்கு இப்போது எழுபது வயது. வேண்டாம் என்று அவரே பள்ளிக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்து, படத்தைச் சட்டம் போட்டு மாட்டினார். பிறகு பேத்தியைப் பக்கத்தில் உட்காரவைத்து, யாரு இது, யாரு இது என்று ஒவ்வொரு முகமாகக் கேட்டு, முப்பத்திரண்டு பேரின் பெயரையும் எழுதிக் கீழே ஒட்டிவிட்டார்.